மாந்தெகாத்தூரா: ‘விரவல்’ என்ற சொல்லுக்கான முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இத்தாலிய பாஸ்தா சாஸ்களுக்கான சொற்பட்டியலில் இன்னும் முடிவாகாமல் இருக்கும் ‘மாந்தெகாத்தூரா’ (பாஸ்தாவையும் சாஸையும் இறுதியில் ஒன்றாகப் புரட்டிச் சேர்ப்பது) என்பதற்கு ‘விரவல்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். பட்டியலில் உள்ள பெக்கோரினோ (செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டி), குவான்சாலே (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக் கன்ன இறைச்சி) போன்றவை பொருள்களின் பெயர்கள் என்பதால் அவற்றை ஒலிபெயர்த்தாலே போதும். இதுவோ ஒரு செயலின் பெயர். இதையும் ஒலிபெயர்த்துவிட்டால், குறிப்பைப் படித்து வீட்டில் சமைப்பவருக்குக் கடைசி இரண்டு நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும் என்பது விளங்காமலே போகும். சாஸ் அமைவதும் கெடுவதும் அந்த இரண்டு நிமிடங்களில்தான்.

அந்தச் செயலை ‘பூண்டும் எண்ணெயும்’ என்று பொருள்படும் அல்யோ எ ஓல்யோ பாஸ்தாவில் தெளிவாகக் காணலாம், ஏனெனில் அந்த சாஸில் ஆலிவ் எண்ணெய், பூண்டு, காய்ந்த மிளகாய் ஆகியவற்றைத் தவிர ஒளிந்துகொள்ள வேறெதுவும் இல்லை. பூண்டு இளம்பொன் நிறத்துக்கு வந்ததும், ஸ்பகெத்தி வெந்துகொண்டிருக்கும் நீரிலிருந்து ஒரு கரண்டியை எண்ணெயில் ஊற்றி, சிறிது வேக்காடு மீதமிருக்கும்போதே ஸ்பகெத்தியை அள்ளி அதில் போட்டு, வாணலியை விடாமல் குலுக்கிப் புரட்ட வேண்டும். முதலில் எண்ணெய் பொட்டுப் பொட்டாக மேலே மிதக்கும். சற்று நேரத்தில் பொட்டுகள் மறைந்து நீர் வெளிறிக் கெட்டியாகி ஒவ்வோர் இழையிலும் பளபளப்பாக ஒட்டிக்கொள்ளும். தட்டைச் சாய்த்தால் எண்ணெய் தனியே வழியக் கூடாது. நம் வேதியியல் பாடநூல்கள் ‘பால்மம்’ (எமல்ஷன்) என்று சொல்வது இதைத்தான்: மாவிலிருந்து நீரில் இறங்கிய ஸ்டார்ச், நீரைத் தடிப்பாக்கி, சிதறிய எண்ணெய்த் துளிகள் மறுபடி ஒன்றுசேராமல் தடுக்கிறது.

குழுவில் வந்த ‘குழைத்தல்’ என்ற பரிந்துரையை நான் ஏற்காததற்குக் காரணம், ‘சோறு குழைந்துவிட்டது’ என்றால் அளவுக்கு மீறி வெந்துவிட்டது என்றுதான் நாம் பொருள்கொள்கிறோம். பாஸ்தாவோ பல்லுக்குச் சற்று உறுதியாக நிற்க வேண்டும். ‘கடைதல்’ என்றால் தயிரிலிருந்து வெண்ணெய் பிரிவதே முதலில் நினைவுக்கு வரும், இங்கு வேண்டியது அதற்கு நேரெதிர். ‘பால்மமாக்கல்’ பிழையற்ற சொல்தான், ஆனால் அது மயோனைஸுக்கும் முகப்பூச்சுக்கும்கூடப் பொருந்தும். அடுப்படியில் யாரும் அதை வாயெடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

‘விரவு’ என்பது தொல்காப்பியத்தில் ‘விரவுப்பெயர்’ (உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவான பெயர்) என இலக்கணச் சொல்லாக வழங்கும் பழஞ்சொல் மட்டுமன்று. தென்மாவட்டங்களில் புட்டுக்கு மாவு விரவுவதாக இன்றும் சொல்கிறார்கள். நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, கட்டி விழாமல், எல்லாத் துகள்களுக்கும் சீராகச் சென்றுசேரும்படி கையால் கலப்பதையே அச்சொல் குறிக்கிறது. சிறிது சிறிதாகச் சேர்ப்பது, கட்டி விழாமல் காப்பது, சீராகப் பரவச் செய்வது என்ற மூன்றும் மாந்தெகாத்தூராவுக்கும் உயிரானவை.

கட்டி விழாமல் காப்பது என்பது ரோம் நகரத்துப் பாஸ்தாவான காச்சோ எ பெப்பேயில் மிகவும் முக்கியம். பெக்கோரினோ ரொமானோவும் மிளகும் மட்டுமே கொண்ட அந்த சாஸில் சூடு மிகுந்தால் பாலாடைக்கட்டியின் புரதம் திரண்டு, நூல் நூலாகி, நீர் தனியே நின்றுவிடும். 2025-இல் இதை ஆய்ந்து கட்டுரை வெளியிட்ட இத்தாலிய இயற்பியலாளர்கள், பாலாடைக்கட்டியின் எடையில் 2 முதல் 3 விழுக்காடு ஸ்டார்ச் இருந்தால் சாஸ் திரியாமல் நிற்கிறது என்று காட்டினார்கள். அதாவது 160 கிராம் பெக்கோரினோவுக்கு ஏறத்தாழ 4 கிராம். முட்டை மஞ்சள்கரு சேரும் கார்பொனாராவையும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே விரவ வேண்டும், இல்லையேல் கரு வெந்து பொரியலாகிவிடும். எனவே விளக்கக் குறிப்பில் ‘அடுப்பின் மேலோ இறக்கியோ’ என்ற தொடர் அவசியம் இடம்பெற வேண்டும்.

இதனோடு சேர்ந்த இன்னொரு சொல்லையும் இப்போதே முடிவு செய்துவிடலாம். பாஸ்தா வெந்த நீரைச் சில குறிப்புகளில் ‘பாஸ்தா தண்ணீர்’ என்று எழுதுவதைக் காண்கிறேன். அதைப் படித்தவர் வடிகட்டிக் கொட்டிவிட எல்லா வாய்ப்பும் உண்டு. ‘வடிகஞ்சி’ என்றால் அது பயனுள்ள பொருள் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும், துணிக்குக் கஞ்சி போட்ட வீட்டாருக்கு அதன் பசைத்தன்மையை விளக்கவும் வேண்டியதில்லை. ஆனால் இது உப்பிட்ட நீர். 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் நீர், அதில் 10 கிராம் உப்பு என்பது இத்தாலியில் வழங்கும் கணக்கு. ஆகவே ‘உப்பிட்ட வடிகஞ்சி’ என்றே பதிவது நல்லது, அப்போதுதான் சாஸில் தனியாக உப்பிடுபவர் கையைச் சுருக்கிக்கொள்வார்.

நான் முன்வைக்கும் பதிவு இது. விரவல்: வேக்காடு முடியும் தறுவாயில் உள்ள பாஸ்தாவை, கொழுப்புப் பொருளோடும் உப்பிட்ட வடிகஞ்சியோடும், அடுப்பின் மேலோ இறக்கியோ, சாஸ் பால்மமாகி ஒட்டும்வரை விடாமல் புரட்டுதல்.

இத்தாலிய அரிசி உணவான ரிசொத்தோவில் இறுதியாக வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேர்த்துக் கிளறுவதையும் இத்தாலியர் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள், அங்கும் ‘விரவல்’ இடறலின்றிப் பொருந்துகிறது. ஆனால் இத்தாலிய ஐஸ்கிரீமான ஜெலாத்தோவைக் கடைந்து உறையவைப்பதற்கும் அவர்களுக்கு அதே வினைச்சொல் உண்டு; அதற்கு நம்மிடமுள்ள ‘கடைதல்’ சரியாக அமைவதால், இந்தப் பதிவை பாஸ்தா, ரிசொத்தோ என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உடையவர்கள் எழுதுங்கள்.