டிரம் கோர்: சிந்தசைசர் பாஸ், பித்தளைப் பிரிவோடு சேராமல் விலகுகிறது. உதவி தேவை

பிட்_அப்பா:
அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸில் ஒரு சிறிய டிரம் கோரில் என் மகள் இந்தக் கோடையில் சிந்தசைசர் வாசிக்கிறாள்; வடம் இழுப்பது, ஒலிபெருக்கி தூக்குவது, வெயிலில் மிக்ஸருக்குக் குடை பிடிப்பது போன்ற தொண்டர் வேலைகள் எனக்கு. டிரம் கோரை அறியாதவர்களுக்கு ஒரு வரி: அமெரிக்கக் கால்பந்துத் திடல் முழுவதும் நடந்தபடியே ஒரு பிரிவினர் பித்தளைக் கருவிகளையும் மற்றொரு பிரிவினர் முரசுகளையும் வாசிக்க, தூக்கிக்கொண்டு நடக்க இயலாத மரிம்பா (கட்டைகளைத் தட்டி வாசிப்பது), வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிப்பது) முதலியவை பார்வையாளர் பக்க முன்கோட்டில் வரிசையாக நிற்கும். அந்த வரிசைக்குப் பிட் என்று பெயர். சிந்தசைசரும் அங்கேதான் இருக்கிறது.

சிக்கலுக்கு வருகிறேன். எல்லோரும் அரைவட்டமாக நின்று பயிற்சி செய்யும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. திடலில் நிகழ்ச்சியாக வாசிக்கும்போது, குறிப்பாகப் பித்தளைப் பிரிவு பின்கோட்டை ஒட்டிச் சென்றிருக்கும் இடங்களில், சிந்தசைசரின் பாஸ் (தாழ்ந்த சுரங்கள்) தனியாகவும் மற்றவை தனியாகவும் கேட்கின்றன. சிந்தசைசரின் ஒலியை உருவாக்கும் மடிக்கணினியின் தாமதம் என்று நினைத்து, ஆடியோ பஃபரை (கணினி ஒலியைச் சேர்த்து அனுப்பும் துண்டின் அளவு) 128 சாம்பிளிலிருந்து 64-க்குக் குறைத்தேன். விலகல் அப்படியே இருக்கிறது. கூடுதலாக இப்போது டிக் டிக் என்று வெடிப்புச் சத்தமும் வருகிறது. எங்கே தவறு?

வடம்_சுற்றி:
பஃபரை 64-இலேயே வைத்துக்கொண்டு இன்னும் வேகமான கணினி ஒன்றை வாங்குங்கள். அதுவும் தீர்க்காவிட்டால் மிக்ஸரில் பிட் ஒலிபெருக்கி முழுவதற்கும் 100 மில்லிநொடி தாமதம் கொடுத்துப் பாருங்கள்.

மேடையோரம்:
நண்பரே, கணினிக்குப் பணம் செலவழிக்கும் முன் மூன்று கேள்விகள். முதலாவது, அரங்கின் மேல் படிகளிலிருந்து எடுத்த ஒலிப்பதிவில் சிந்தசைசர் பித்தளைக்கு முன்னால் கேட்கிறதா, பின்னால் கேட்கிறதா? இரண்டாவது, விசையை அழுத்தும் 'டக்' சத்தமும் ஒலிபெருக்கியின் ஒலியும் ஒரே பதிவில் விழும்படி கைப்பேசியை விசைப்பலகைக்கும் ஒலிபெருக்கிக்கும் அருகில் வைத்துப் பதிந்தால், இரண்டுக்கும் இடையே எத்தனை மில்லிநொடி வருகிறது? மூன்றாவது, உங்கள் மகள் வாசிக்கும்போது காதில் ஏதாவது மாட்டியிருக்கிறாரா?

பிட்_அப்பா:
ஐயா, உங்கள் முதல் கேள்வியே என்னைத் திருப்பிப் போட்டுவிட்டது. பதிவை நிதானமாகக் கேட்டேன். சிந்தசைசர் பிந்தவில்லை, முந்துகிறது. சோதனையில் ஏறக்குறைய 12 மில்லிநொடி வந்தது. ஒலிபெருக்கிகள் அவளுக்கு முன்னால் பார்வையாளரை நோக்கி நிற்பதால் தன் ஒலி தனக்குக் கேட்பதில்லை என்று இரண்டு காதிலும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, டிரம் மேஜரின் (முன்னால் நின்று கையால் தாளம் காட்டுபவர்) கையைப் பார்த்தே வாசிக்கிறாள்.

மேடையோரம்:
அப்படியென்றால் கணினியின் மேல் பழி போட வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்பது 2.7 மில்லிநொடி, 64 என்பது 1.3 மில்லிநொடி, இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு, ஒலி காற்றில் அரை மீட்டர் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம்தான். அதற்காக வெடிப்புச் சத்தத்தை விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். 128-க்கோ 256-க்கோ திரும்பிவிடுங்கள்.

உண்மையான தாமதம் திடலில் இருக்கிறது. ஒலி 20 டிகிரி வெப்பநிலையில் நொடிக்கு 343 மீட்டர் செல்கிறது. அமெரிக்கக் கால்பந்துத் திடலின் அகலம் ஏறத்தாழ 49 மீட்டர். பிட்டிலிருந்து 40 மீட்டர் பின்னால் நிற்கும் பித்தளைப் பிரிவினர் டிரம் மேஜரின் கையசைவில் துல்லியமாக ஊதினாலும், அவர்களது ஒலி முன்கோட்டுக்கு வந்துசேர 117 மில்லிநொடி ஆகும். ஒளிக்கு அந்தக் காத்திருப்பு இல்லாததால், உங்கள் மகள் அதே கையசைவை அதே கணத்தில் பார்த்து அப்போதே விசையை அழுத்திவிடுகிறார். வேகம் நிமிடத்துக்கு 160 தாள அடி என்றால் பதினாறாம் சுரத்தின் (ஓர் அடியில் கால் பங்கு) நீளம் 94 மில்லிநொடி. அதாவது ஒரு பதினாறாம் சுரத்துக்கும் மேலாக அவர் முந்திவிடுகிறார். அரைவட்டத்தில் எல்லோரும் பக்கத்தில் நிற்பதால்தான் பயிற்சியில் இது தெரியவில்லை.

பிட்டில் நிற்கும் மற்றவர்கள் கையைப் பார்த்து வாசிப்பதில்லை. பின்னாலிருந்து வரும் முரசுப் பிரிவின் ஒலியைக் காதில் வாங்கி, அது தங்களை வந்தடையும் கணத்தில் வாசிக்கிறார்கள். கண்ணை நம்பாமல் காதை நம்புவது பழகச் சில வாரங்கள் பிடிக்கும். முதலில் தாங்கள் தாளத்தைப் பிந்த வைப்பதைப் போலவே அவர்களுக்குத் தோன்றும். இரண்டு காதையும் மூடிய ஹெட்ஃபோன் அந்த வழியை அடியோடு அடைத்துவிடுகிறது. அதைக் கழற்றிவிட்டு, அவரது காலருகே ஒரு சிறிய மானிட்டர் ஒலிபெருக்கியை வையுங்கள். வசதி இல்லையென்றால் பார்வையாளர் பக்கக் காதில் மட்டும் மாட்டி, திடல் பக்கக் காதைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

100 மில்லிநொடித் தாமதம் கொடுக்கும் யோசனை ஆபத்தானது. பித்தளை பின்கோட்டில் இருக்கும் அந்த ஒரு நிலைக்கு மட்டும் அது பொருந்தும். அவர்கள் பத்து மீட்டர் தொலைவுக்கு முன்னேறி வந்ததும் சிந்தசைசர் பிந்தத் தொடங்கும். போதாததற்கு, மைக் வழியாகப் போகும் மரிம்பாவின் ஒலி கட்டையிலிருந்து ஒரு முறையும் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு முறையும் இரட்டையாகக் கேட்கும்.

வடம்_சுற்றி:
மரிம்பாவை நான் நினைத்துப் பார்க்கவில்லை. யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

பழைய_பியூகிள்:
ஒலிபெருக்கியை 2004-இலும் மின்னணுக் கருவிகளை 2009-இலும் போட்டிகளை நடத்தும் டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல் அனுமதித்தபோது முகம் சுளித்தவர்களில் நானும் ஒருவன். இன்றும் பாதி மனத்தோடுதான் கேட்கிறேன். ஆனாலும் பாஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் சிந்தசைசர், பித்தளையில் மிகத் தாழ்ந்து ஒலிக்கும் டியூபாவுக்கு ஒரு ஸ்தாயி கீழே அதே சுரத்தை வாசிக்கிறதா? டியூபாவின் தாழ்ந்த பி ஃபிளாட் ஏறக்குறைய 58 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்தாயி கீழே போனால் 29 ஹெர்ட்ஸ். திடலுக்குத் தள்ளிவரும் சப்வூஃபர்களில் பெரும்பாலானவை அந்த ஆழத்தில் சுரத்தைத் தருவதில்லை. வெறும் அதிர்வைத்தான் தருகின்றன. திறந்த திடலில் அது காற்றோடு போய்விடும். சான் அன்டோனியோவின் அலமோடோம் போன்ற கூரையிட்ட அரங்கிலோ அது சுற்றிச் சுற்றி வந்து டியூபாக்களை விழுங்கிவிடும். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, சிந்தசைசரை டியூபாவின் ஸ்தாயியிலேயே, டியூபாவை விடக் குறைந்த ஒலியளவில் வைத்துப் பாருங்கள்.

சுரத்தின் தொடக்கத்தையும் கவனியுங்கள். 'டப்' என்று கூர்மையாகத் தொடங்கும் பாஸ் சிறிதே முந்தினாலும் காட்டிக்கொடுத்துவிடும். அட்டாக் நேரத்தை (சுரம் முழு ஒலிக்கு எழ எடுக்கும் நேரம்) 40, 50 மில்லிநொடிக்கு உயர்த்தினால் அது பித்தளையின் அடியில் பூசினாற்போல் சேர்ந்துவிடும். வேகமான பகுதிகளுக்கு இது உதவாது. நீண்ட சுரங்களுக்கு மட்டும் செய்யுங்கள்.

பிட்_அப்பா:
இருவருக்கும் நன்றி. இன்னொரு ஐயம்: மதிய வெயிலில் சிந்தசைசர் சுருதி இறங்கியதுபோல் கேட்கிறது. அதுவும் என் கற்பனையா?

மேடையோரம்:
கற்பனை இல்லை, ஆனால் இறங்குவது சிந்தசைசர் அன்று. வெப்பத்தில் பித்தளைக் குழாய்க்குள் இருக்கும் காற்றில் ஒலியின் வேகம் கூடுவதால் அவர்களது சுருதி ஏறுகிறது. வைப்ரஃபோனின் உலோகப் பட்டைகள் சூடானால், மாறாக, சற்றே இறங்கும். உங்கள் சிந்தசைசரோ, சுருதி சேர்க்கும் 'ஏ' சுரத்தை 440 ஹெர்ட்ஸ் என்று அமைத்திருந்தால் அங்கேயே நிற்கும். பிட்டின் கட்டைகளும் பட்டைகளும் பொதுவாக 442-க்குச் செய்யப்பட்டவை என்பதால் முதலில் சிந்தசைசரை 442-க்கு ஏற்றி அவற்றோடு சேர்த்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன் பித்தளைப் பிரிவு சுருதி பார்க்கும் இடத்துக்கு நடந்து சென்று அவர்கள் எந்தச் சுருதியில் இருக்கிறார்கள் என்று கேட்டு வாருங்கள். அவர்கள் 444-இல் இருந்தால் ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ் நகர்த்துவது உங்கள் முடிவு. நீண்ட பாஸ் சுரங்களில் பித்தளையின் பக்கம் சாய்வதே நல்லது என்பது என் கருத்து. மடிக்கணினியையும் நிழலில் வையுங்கள். சூடேறினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், 128-இலும் வெடிப்பு வரும்.

பிட்_அப்பா (ஒன்பது நாள் கழித்து):
நடந்ததை எழுதுகிறேன். பஃபரை 128-க்கு மாற்றியதும் வெடிப்பு நின்றது. ஹெட்ஃபோனைக் கழற்றிய முதல் நாள் மகள் அழாத குறைதான்; தான் வேண்டுமென்றே தாளத்தைத் தவறவிடுவதுபோல் இருக்கிறது என்றாள். மரிம்பா வாசிக்கும் மூத்த பெண் ஒருத்தி மூன்று நாள் அவளருகே நின்று, பின்னாலிருந்து வரும் முரசொலிக்குத் தோளைத் தட்டிக் காட்டினாள். நேற்றைய பதிவில் பின்கோட்டுப் பகுதி சேர்ந்தே கேட்கிறது. பித்தளை பின்கோட்டிலிருந்து முன்னோக்கி நடந்துவரும் அந்தப் பன்னிரண்டு இசை அளவைகளில் (பார்) மட்டும் இன்னும் ஊசலாடுகிறது. அங்கே பாஸை எடுத்துவிட்டு டியூபாக்களை மட்டும் விடலாமா என்று இசையமைத்தவரிடம் கேட்டிருக்கிறோம்.

பழைய_பியூகிள்:
எடுத்துவிடுங்கள். அந்த இடத்துக்கு டியூபாவே போதும்.