புளூட்டோனியக் கருக்கள்: அமெரிக்கா மீண்டும் உற்பத்தியைத் தொடங்கத்தான் வேண்டுமா?

தொடுவானம்:
அணுகுண்டின் வெடிப்பைத் தொடங்கிவைக்கும் உலோக உள்ளகமே புளூட்டோனியக் கரு. ஆண்டுக்கு 80 கருக்களைச் செய்யும் திறன் 2030-க்குள் வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். நியூ மெக்சிகோவின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்தில் 30, தென் கரோலினாவின் சவன்னா ரிவர் வளாகத்தில் 50 என்பது திட்டம். இதை நான் ஆதரிக்கிறேன். டென்வர் அருகேயிருந்த ரோக்கி பிளாட்ஸ் ஆலை 1989-இல் உற்பத்தியை நிறுத்தியதிலிருந்து, அந்தத் தொழில்திறனே அந்நாட்டில் ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது. புளூட்டோனியமோ சும்மா இருக்கும் உலோகம் அல்ல. தானே சிதைந்து, தனக்குள்ளேயே ஹீலியத்தைச் சேர்த்துக்கொண்டு மூப்படைகிறது. 1992-க்குப் பின் வெடிப்புச் சோதனையும் இல்லாதபோது, பழைய கருவை எதை நம்பி வைத்திருப்பது?

கார்முகில்:
மூப்பைப் பற்றிய அச்சத்துக்கு, அமெரிக்க அரசுக்கு ஆலோசனை சொல்லும் ஜேசன் அறிவியல் குழு 2006-இலேயே பதில் சொல்லிவிட்டது: பெரும்பாலான கரு வகைகள் 100 ஆண்டுகளுக்கு மேலும் தாங்கும். டெக்சஸின் பான்டெக்ஸ் கிடங்கில் ஆயிரக்கணக்கான கருக்கள் இருக்கின்றன. ரோக்கி பிளாட்ஸ் ஏன் மூடப்பட்டது என்பதையும் சொல்லுங்கள். காற்றுப் பட்டால் தீப்பற்றக்கூடிய புளூட்டோனியச் சீவல்கள் கையுறைப் பெட்டிகளுக்குள் (கையுறை வழியே கைவிட்டு வேலை செய்யும் மூடிய பெட்டிகள்) எரிந்து 1957-இலும் 1969-இலும் பெருந்தீ மூண்டது. 1989 ஜூனில் சுற்றுச்சூழல் குற்றங்களுக்காக எஃப்பிஐ உள்ளே புகுந்து சோதனையிட்டது.

என்னை மிகவும் வருத்துவது சவன்னா ரிவர் கட்டடம்தான். ஆயுதங்களிலிருந்து எடுத்த 34 டன் புளூட்டோனியத்தை அணுமின் உலை எரிபொருளாக மாற்றுவதற்காக எழுப்பத் தொடங்கிய அந்தக் கட்டடத்தில்தான், அத்திட்டம் 2018-இல் கைவிடப்பட்டபின், இப்போது ஆயுதக் கருக்களைச் செய்யப் போகிறார்கள்.

தொடுவானம்:
அதே ஜேசன் குழு, கரு உற்பத்தியை இயன்ற விரைவில் மீட்டெடுக்கச் சொல்லி 2019-இல் எழுதியதை விட்டுவிட்டீர்கள். லாஸ் அலமோஸின் புளூட்டோனியக் கட்டடம் 1978-இல் இயங்கத் தொடங்கியது. ஈயம் கலந்த தடித்த கையுறைகளுக்குள் கைவிட்டு நாள் முழுதும் வேலை செய்பவருக்கு, பழைய பெட்டிகளை மாற்றுவது அரசியல் அன்று, உயிர்க் காப்பு.

வேம்பு:
இரண்டையும் பிரித்துப் பார்க்கலாமே. பெட்டிகளையும் காற்று வடிகட்டிகளையும் புதுப்பிப்பதை யாரும் எதிர்க்கவில்லை. 80 என்ற எண்ணிக்கைக்குத்தான் காரணம் வேண்டும்.

கார்முகில்:
ஆம், அதைத்தான் கேட்கிறேன். முதலில் செய்யப்படுபவை மூப்படைந்த கருக்களுக்கு மாற்று அல்ல. சென்டினல் என்ற புதிய கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைக்கான டபிள்யூ87-1 என்ற புதிய அணு வெடிமுனைக்கானவை. இரண்டு இடங்களில் உற்பத்தி செய்வதன் மாற்று வழிகளை அரசு முறையாக ஆராயவில்லை என்று கூட்டாட்சி நீதிமன்றமே 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அந்த ஆய்வு முடியும்வரை சவன்னா ரிவரில் ஒரு கருவும் வார்க்கப்படக் கூடாது.