டொலிடோவில் நான் கண்ட 2012 தேர்தல் விளம்பரங்கள்

ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவும் குடியரசுக் கட்சியின் மிட் ராம்னியும் மோதிய 2012 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது நான் ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகரில் குடியிருந்தேன். எந்தப் பக்கம் சாயும் என்று கடைசிவரை கணிக்க முடியாத மாநிலம் என்பதால் இரு தரப்பும் பணத்தைக் கொட்டின. மாலைச் செய்தி பார்க்க உட்கார்ந்தால், இடைவேளை முழுவதும் ஒருவரையொருவர் சாடும் விளம்பரங்களே ஓடின.

முந்திக்கொண்டது ஒபாமா தரப்புதான். தொழிலை நன்றாக நடத்தத் தெரிந்தவர் என்று ராம்னி தம்மை நிலைநிறுத்திக்கொள்வதற்குள், அவருடைய பெய்ன் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனம் ஆலைகளை வாங்கித் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பியது என்ற பேச்சை மே, ஜூன் மாதங்களிலேயே ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். ஒபாமாவை ஆதரித்த ஒரு தனி அமைப்பின் விளம்பரம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. இண்டியானாவில் மூடப்பட்ட காகிதப் பொருள் ஆலை ஒன்றின் தொழிலாளி அதில் பேசுவார். எதற்கென்று சொல்லாமல் 30 அடி மேடை ஒன்றைக் கட்டச் சொன்னார்கள் என்றும், சில நாள் கழித்து மூன்று ஷிஃப்ட் ஆட்களையும் கூட்டி, அதே மேடையில் ஏறி நின்று, ஆலை மூடப்பட்டது, உங்கள் அனைவருக்கும் வேலை இல்லை என்று அறிவித்தார்கள் என்றும் நிதானமாகச் சொல்லிவிட்டு, தம் சவப்பெட்டியைத் தாமே செய்தது போலிருந்தது என்பார். வாகனத் தொழிலையே நம்பிப் பிழைக்கும் எங்கள் ஊரில் அது நேராக நெஞ்சில் தைத்தது.

ராம்னி தரப்பின் பதிலடி அக்டோபர் கடைசியில் வந்தது. ஜீப் தயாரிக்கும் கிரைஸ்லர் நிறுவனத்தை ஒபாமா இத்தாலியர்களுக்கு விற்றுவிட்டார், அவர்கள் சீனாவில் ஜீப் தயாரிக்கப் போகிறார்கள் என்றது அந்த விளம்பரம். வரிக்கு வரி பார்த்தால் அதைப் பொய் என்று சொல்வது கடினம். ஏனெனில், சீனச் சந்தைக்கான வண்டிகளை அங்கேயே தயாரிக்கும் யோசனை கிரைஸ்லரிடம் இருந்தது. ஆனால், இரண்டையும் சேர்த்துக் கேட்பவருக்கு டொலிடோவில் உள்ள ஜீப் ஆலை சீனாவுக்குப் போகிறது என்றுதான் படும். என் பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஜீப் ஆலையில்தான் வேலை பார்த்தார். உடன் வேலை செய்யும் சிலர் பயந்துபோய்த் தொழிற்சங்கத்துக்குத் தொலைபேசியில் பேசியதாக அவர் சொன்னார். புதிய மாடலுக்காக ஆலையை விரிவாக்கிக் கட்டுவதைத் தினமும் கண்ணால் பார்க்கும் எங்களிடமே இப்படிச் சொல்கிறார்களே என்று அவர் கொதித்தார். அதற்கு முந்தைய தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தவர் அவர். அக்டோபர் 30 அன்று கிரைஸ்லர் தலைவர் மார்கியோனே, ஜீப் உற்பத்தி அமெரிக்காவை விட்டுப் போகாது என்று ஊழியர்களுக்குக் கடிதமே எழுதினார். மக்கள் தாமே சரிபார்க்கக்கூடிய ஒன்றை, அதுவும் அவர்களுடைய பிழைப்பைத் தொடும் ஒன்றைத் திரித்துச் சொன்னதால்தான் அந்த அடி எய்தவர்மீதே திரும்பியது என்பது என் கருத்து.

ஒபாமா பக்கமும் நியாயம் மீறப்பட்டது. 'டெட்ராய்ட் திவாலாகட்டும்', அதாவது அமெரிக்க வாகன நிறுவனங்கள் திவாலாகட்டும் என்று ராம்னி சொன்னதாகவே ஊரில் பலரும் நம்பினார்கள். 2008-இல் அவர் எழுதிய கட்டுரைக்கு அந்தத் தலைப்பை வைத்தது பத்திரிகைதான், அவர் அல்ல. அதைவிட மோசமானது, ஆகஸ்டில் அந்தத் தனி அமைப்பு தயாரித்த மற்றொரு விளம்பரம். உருக்காலை மூடப்பட்டு வேலையிழந்த ஒருவரின் மனைவி புற்றுநோயால் இறந்ததற்கு ராம்னி காரணம் என்று தோன்றும்படி அதை அமைத்திருந்தார்கள். ஆலை மூடிப் பல ஆண்டுகள் கழித்தே அந்தப் பெண் இறந்தார். ஒபாமாவுக்காக வீடு வீடாகச் சென்றுகொண்டிருந்த தமிழ் நண்பர் ஒருவரிடம் என் கோபத்தைச் சொன்னேன். அது பிரசாரக் குழுவின் விளம்பரமல்ல, வெளி அமைப்பின் வேலை என்றார் அவர். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அந்த வேறுபாடு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நண்பர் அதற்குச் சொன்ன எந்தச் சமாதானத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை.