வார்டுல ஸ்டாஃப் போனுக்கு தடை போடலாமா?

வார்டு இன்சார்ஜ்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஆஸ்பத்திரில டியூட்டி நேரத்துல யாரும் போன் வச்சிருக்கக் கூடாது, லாக்கர்ல போட்டுட்டுதான் வார்டுக்குள்ள வரணும்னு சர்க்குலர் வரப்போகுது, இன்சார்ஜுங்கறதால என் கருத்தையும் கேட்டிருக்காங்க. காரணம் புரியுது, பேஷண்ட் பெல் அடிக்க அடிக்க சிஸ்டர் ரீல்ஸ் பாத்துட்டு இருந்தாங்கன்னு கம்ப்ளைண்ட் வந்துச்சு, அத பொய்னும் சொல்ல முடியல. ஆனா அதே போன்லதான் ராத்திரி ஈசிஜி போகுது, லேப் ரிசல்ட் வருது, டோஸ் கணக்கு பாக்கறோம். மொத்தமா புடுங்கிட்டா வேலை எப்படி ஓடும்? உங்க இடத்துல என்ன பண்றீங்க?

ஐசியூ நைட்:
முழு தடையெல்லாம் பேப்பர்லதான் இருக்கும் மேடம், ரெண்டு வாரத்துல எல்லாரும் பாக்கெட்ல ஒளிச்சு வச்சுக்குவாங்க. நெஞ்சு வலின்னு நடுராத்திரி ஒருத்தர் வர்றாரு, கார்டியாலஜிஸ்ட் வீட்ல இருக்காரு, "எஸ்டி ஏறின மாதிரி இருக்கு சார்"னு (ஈசிஜில ஹார்ட் அட்டாக்க காட்டற மாற்றம் அது) வாயால சொல்றதுக்கும் ஈசிஜிய போட்டோ எடுத்து அனுப்பறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வாசல்ல நுழைஞ்சு 90 நிமிஷத்துக்குள்ள இதய ரத்தக்குழாய் அடைப்ப எடுக்கணும்ங்கறதுதான் இலக்கு, அதுல பத்து நிமிஷம் மிச்சமானாலும் லாபம்தான். (பேப்பர நல்லா விரிச்சு வச்சு எடுங்கப்பா, மடிப்போட எடுத்தா வி4, வி5ங்கற கோடுங்க நிழல்ல போயிடுது.)
டோஸும் அப்படித்தான். 500 மில்லி ட்ரிப்ஸ் 8 மணி நேரத்துல போகணும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழற செட்டுன்னா நிமிஷத்துக்கு 21 சொட்டுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவோம். ஆனா குழந்தைக்கு கிலோவுக்கு இத்தன மைக்ரோகிராம்னு இன்ஃபியூஷன் போடறப்ப புள்ளி ஒரு இடம் தள்ளிச்சுன்னா பத்து மடங்கு போயிடும், அங்க கால்குலேட்டர் இல்லாம முடியாது. கண்மணி பாக்க போன் டார்ச்ச அடிக்கறத மட்டும் நிறுத்துங்க, பேஷண்ட் கண்ணு கூசி இறுக்கி மூடிக்கறாரு, அதுக்குத்தான் பென் டார்ச் இருக்கு.

கை கழுவு:
இன்ஃபெக்‌ஷன் கண்ட்ரோல் ஆளு பேசறேன். கை கழுவுறதுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற 5 தருணத்துல முதலாவது பேஷண்ட தொடறதுக்கு முன்னாடி. சரி, கழுவியாச்சு. அந்த நேரம் பாத்து பாக்கெட்ல போன் அதிருது, எடுத்து யாருன்னு பாத்துட்டு அதே கையோட டிரெஸ்ஸிங் பிரிக்கறாங்க, அப்ப கழுவினது எதுக்கு? ஸ்டாஃப் போன்கள துடைச்சு கல்ச்சர் போட்ட (கிருமிய வளத்து பாத்த) ஆய்வுகள்ல ஸ்டாஃபைலோகாக்கஸ்ங்கற பாக்டீரியா திரும்பத் திரும்ப வந்திருக்கு, சிலதுல பல ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத அதோட வகையான எம்ஆர்எஸ்ஏவும். க்ளவுஸோட போன எடுத்து காதுல வைக்கறவங்கள பாத்தா எனக்கு பிபி ஏறிடும்.
70 சதவீத ஆல்கஹால் வைப்ஸால ஷிஃப்ட் ஆரம்பிக்கறப்பவும் முடியறப்பவும் துடைங்க, கவர கழட்டிட்டு துடைங்க, அழுக்கு பூரா அதுக்குள்ளதான். சி டிஃப் (கடுமையான வயித்துப்போக்க உண்டாக்கற குடல் பாக்டீரியா) பேஷண்ட் ரூமுக்கு மட்டும் போனே வேணாம், அதோட ஸ்போருக்கு, அதாவது கெட்டி ஓடு போட்ட விதை மாதிரி வடிவத்துக்கு, ஆல்கஹால் எடுபடாது.

மருந்து ட்ராலி:
கிருமிய விட எனக்கு பயம் கவனம் சிதறுறதுதான். மருந்து கொடுக்கற நர்ஸுகள நடுவுல குறுக்கிட்டா என்ன ஆகுதுன்னு ஆஸ்திரேலியால ரெண்டு ஆஸ்பத்திரில பாத்து 2010ல வெளியிட்டாங்க, ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் தப்பு 12 சதவீதம் போல கூடுதாம். அது போன பத்தின ஆய்வு இல்ல, எல்லா குறுக்கீடும் சேத்துதான், ஆனா இன்னிக்கு பாக்கெட்ல இருக்கற வாட்ஸாப்ப விட பெரிய குறுக்கீடு எது?
அப்புறம் போட்டோ விஷயம். வாட்ஸாப்ல என்க்ரிப்ஷன் (நடுவுல யாரும் படிக்க முடியாத பூட்டு) இருக்கு, பயமில்லன்னு சொல்றாங்க, அது அனுப்பற வழிக்கு மட்டும்தான். வந்து சேந்த போட்டோ உங்க கேலரில விழும், பேக்கப்ல போகும். பேஷண்ட்டோட புண்ணு போட்டோ உங்க வீட்டு பர்த்டே போட்டோ பக்கத்துல கிடக்கும், புள்ளைங்க கேம் ஆட வாங்கறதும் அதே போன்தான். வேலைய விட்டு போறவங்க போனோட அதெல்லாம் போயிடும், யாரு அழிக்கறா?

அட்டெண்டர் பக்கம்:
நான் ஸ்டாஃப் இல்ல, அப்பாவ அட்மிட் பண்ணி கூடவே இருந்தவ. போன பாத்துட்டு நிக்கற சிஸ்டர் வேலை பாக்கறாங்களா பொழுது போக்கறாங்களான்னு எங்களுக்கு எப்படி தெரியும் சொல்லுங்க? ஒரு சிஸ்டர் மட்டும் "அப்பாவுக்கு போடற மருந்தோட டோஸ்தாம்மா பாக்கறேன்"னு ஸ்கிரீன திருப்பி காமிச்சாங்க, அதுக்கப்புறம் அவங்க போன எடுத்தா எனக்கு எரிச்சலே வரல. கம்ப்ளைண்ட் பாதி இதுலயே குறையும்.

ஐசியூ நைட்:
ஆஸ்பத்திரி வேலைய நம்ம சொந்த போன்ல, நம்ம டேட்டால வாங்கிட்டு, அப்புறம் போன் வச்சிருக்கேன்னு மெமோ கொடுக்கறது எந்த ஊர் நியாயம்? முதல்ல வார்டுக்குன்னு ரெண்டு போன் வாங்கி கொடுக்கச் சொல்லுங்க மேடம், சோஷியல் மீடியா எதுவும் இல்லாம. அதுக்கப்புறம் லாக்கர பத்தி பேசலாம்.

வார்டு இன்சார்ஜ்:
இததான் எழுதிக் கொடுக்கப்போறேன், வார்டு போன் வந்தப்புறம்தான் தடை, வீட்ல அவசரம்னா கூப்பிட ஸ்டேஷன் லேண்ட்லைன் நம்பர எல்லாரும் வீட்ல கொடுத்து வைக்கணும். ஒரே சந்தேகம், வார்டு போன் தொலைஞ்சா யாரு பொறுப்பு?

மருந்து ட்ராலி:
ட்ரக் கப்போர்டு சாவி எப்படியோ அப்படித்தான், ஹேண்ட்ஓவர் புக்ல எழுதி கையெழுத்து வாங்குங்க. சார்ஜ் எவ்ளோ இருக்குன்னும் எழுத வைங்க, இல்லன்னா நைட்டுக்கு செத்த போன்தான் கைக்கு வரும்.