புதுப்பிப்பு: கடைசியில் 15 மி.மீ. பாலிஷர்தான் வாங்கினேன்

டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் (அடியிலுள்ள வட்ட மெத்தை, அதாவது பேட், ஊசலாடிக்கொண்டே சுற்றி கார் பெயின்டைப் பளபளப்பாக்கும் மெஷின்) வாங்கப் போகிறேன், த்ரோ (பேட் ஊசலாடும் வட்டத்தின் அகலம்) 15 மி.மீ.யா, 21 மி.மீ.யா என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் 21 என்றீர்கள். 15 வாங்கிவிட்டேன். என்னுடையது சின்ன ஹேட்ச்பேக். பானெட்டையும் கூரையையும் விட்டால் எல்லாம் வளைவும் மடிப்பும்தான்.

மார்க்கர் யோசனை சொன்னவருக்குக் கோடி நன்றி. பேட் சுற்றுகிறதா என்று தெரிய, பேக்கிங் பிளேட்டின் (பேட் ஒட்டும் தட்டு) ஓரத்தில் கறுப்புக் கோடு ஒன்று போட்டுக்கொண்டேன். பானெட்டில் கோடு நிதானமாகச் சுற்றியது. கதவுக் கைப்பிடிக்குக் கீழே உள்ள மடிப்புக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. மெஷின் உறுமுகிறது, பேட் சும்மா அதிர்கிறது, கீறல் அப்படியே இருக்கிறது. இன்னும் அழுத்தினேன் (எல்லோரும் செய்யும் தப்பு), ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தத்தைக் குறைத்து, பேட் முழுசாகப் படியும்படி பிடித்ததும் கோடு மறுபடி சுற்ற ஆரம்பித்தது. இந்த வகை மெஷினில் பேடை வலுக்கட்டாயமாகச் சுழற்ற கியர் கிடையாது, அதனால்தான் இந்த வம்பு. த்ரோ பெரிதானால் வளைவில் பேட் இன்னும் எளிதாக நின்றுவிடும்; 21 வாங்கியிருந்தால் அந்த மடிப்பில் இன்னும் திண்டாடியிருப்பேன்.

பேட் விஷயம்: ஃபோம் பேடில் மெல்லிய வலைக்கீறல்கள் போய்விட்டன. ஆழமானவற்றுக்கு மைக்ரோஃபைபர் பேடும் காம்பவுண்டும் (கீறலைத் தேய்த்து எடுக்கும் பேஸ்ட்) தேவைப்பட்டன. அது லேசான மங்கலை விட்டுச் சென்றது. மென்மையான ஃபோமில் இன்னொரு சுற்று ஓட்டியதும் சரி.

அப்புறம், பம்பர் மூலைகளும் ஜன்னல்களுக்கு இடையேயுள்ள தூண்களும் பாக்கி. 5 அங்குல பிளேட் அங்கே நுழையவே மாட்டேன் என்கிறது. 3 அங்குல மெஷின் தேடிக்கொண்டிருக்கிறேன்.