பனி உருகியதும் பூக்கும் நீலப் பூ: என்ன செடி இது?

கேள்வி:
வணக்கம். பனி உருகி ஒரு வாரம்தான் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் புல்தரையிலும் அதை ஒட்டிய மரத்தடியிலும் சின்னச் சின்ன நீலப் பூக்கள். நான் நட்டதில்லை. போன வருடம் பத்துப் பதினைந்துதான் இருந்திருக்கும், இப்போது எண்ணி மாளவில்லை. உயரம் ஒரு சாண்கூட இல்லை. ஒன்றைப் பிடுங்கினால் தண்டு மட்டும் கையோடு வந்துவிட்டது. தோண்டிப் பார்த்தேன், சின்ன வெங்காயம் போல ஒரு கிழங்கு. படத்தைப் போட்டுத் தேடினால் ஒருமுறை மஸ்காரி என்கிறது, மறுமுறை கையோனோடாக்ஸா என்கிறது. மூன்று வயதுப் பையன் அங்கேதான் விளையாடுகிறான். விஷச்செடியா?

பதில் 1:
மஸ்காரி இல்லை. அதன் பூக்கள் வாய் சுருங்கிய குட்டிக் குடங்களாகத் திராட்சைக்குலை போல நெருங்கி இருக்கும். உங்கள் படத்தில் ஆறு இதழும் விரிந்திருக்கின்றன. பூ தலை குனிந்திருக்கிறதா, மேலே பார்க்கிறதா? நடுவில் வெள்ளை உண்டா? மகரந்தம் என்ன நிறம்?

கேட்டவர்:
எல்லாமே தலை குனிந்துதான் இருக்கின்றன. வெள்ளை இல்லை, ஒவ்வொரு இதழின் நடுவிலும் கருநீலக் கோடு. பூவுக்குள் விரலை வைத்தால் நீலத் தூள் ஒட்டுகிறது. இதழின் சாயம் என்று நினைத்துவிட்டேன்.

பதில் 2:
அந்த நீலத் தூள்தான் மகரந்தம். இது ஸ்கில்லா சைபீரிக்கா, சைபீரியன் ஸ்குவில் என்பார்கள். கையோனோடாக்ஸா என்றால் பூ நிமிர்ந்து, நடுவில் வெள்ளையாக இருக்கும். மகரந்தக் கம்பிகளும் தட்டையாக, வெள்ளையாக, கூம்பு போல ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும். உங்கள் பூவில் அவை மெல்லியதாகத் தனித்தனியே நிற்பதைப் பாருங்கள்.

பெயரில் சைபீரியா இருந்தாலும் இதன் தாயகம் காகசஸ், துருக்கி, தென்மேற்கு ரஷ்யா பக்கம். வட அமெரிக்காவுக்குத் தோட்டச் செடியாக வந்து வேலி தாண்டியது.

விஷம் உண்டு, கிழங்கு முதல் பூ வரை. நரிவெங்காயத்துக்கு உறவு இது. தொட்டால் பயமில்லை, வாயில் போகக்கூடாது. தோண்டிய கிழங்குகளைப் பையன் கைக்கு எட்டாமல் வையுங்கள். வெங்காயம் என்று யாரும் எடுத்துவிடவும் கூடாது.

பதில் 3:
அழகாக இருக்கிறதே என்று நான் சில வருடம் விட்டுவைத்தேன். அது பின்னாலிருந்த காட்டுக்குள் போய்விட்டது, இன்றும் அதை நினைத்து வருந்துகிறேன். விதையை எறும்பு இழுத்துக்கொண்டு போகும். அதனால் மரத்தடியில் இருப்பதை முதலில் எடுங்கள். பூ இருக்கும்போதே எடுப்பதுதான் சரி. கோடை தொடங்கினால் இலை மக்கி, இடமே தெரியாது. தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். தோட்டம் கிளறும் முள்கரண்டியை ஆழமாக இறக்கி, மண்கட்டியோடு கிளப்பி, கையால் உதிர்த்துப் பொறுக்குங்கள். உரக்குழியில் போட்டால் அங்கேயும் முளைக்கும், பையில் கட்டிவிடுங்கள். விதையில் முளைத்த குஞ்சுகள் முதல் வருடம் ஒற்றைப் புல் போலத்தான் தெரியும், பூக்கச் சில வருடமாகும். அடுத்தடுத்த வசந்தத்திலும் தேட வேண்டியிருக்கும்.

கேட்டவர்:
மரத்தடியில் ஆரம்பித்துவிட்டேன். ஒரு கையகல மண்கட்டியிலேயே 23 கிழங்கு, சில மிளகு அளவுதான். புல்தரையில் தேனீக்கள் மொய்க்கின்றன, பின்னங்காலில் நீல உருண்டையோடு. பார்த்தபின் அங்கே முள்கரண்டியை இறக்க மனம் வரவில்லை. இந்த ஒரு வருடம் விட்டால் தப்பா?

பதில் 3:
விடலாம். பூ வாடியதும், காய் பழுக்குமுன், தண்டுகளைக் கிள்ளிவிடுங்கள். காய் கனத்தால் தண்டு தரையில் சாய்ந்துவிடும். அதற்குமேல் தாமதித்தால் எறும்பு முந்திக்கொள்ளும்.