நால்வரும் நிறைந்த டேங்கும்: செஸ்னா 172-இல் எடை வரம்புக்குள் நிற்பது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் தனியார் விமானி உரிமம் பெற்றுச் சில மாதங்களே ஆகின்றன. பயிற்சிக் காலம் முழுவதும் ஆசிரியரும் நானும் மட்டுமே பறந்ததால், எடைக் கணக்கு எங்களுக்கு ஒருபோதும் நெருக்கடியாக அமைந்ததில்லை. வரும் ஜூலையில் மூன்று நண்பர்களுடன் சான் ஹோசேயிலிருந்து சவுத் லேக் டாஹோவுக்குச் சென்று, ஓர் இரவு தங்கித் திரும்ப எண்ணியிருக்கிறேன். வாடகைக்கு எடுக்கவிருப்பது செஸ்னா 172எஸ். நான்கு இருக்கைகள் இருப்பதால் நால்வர் தாராளமாகப் போகலாம் என்றே நினைத்திருந்தேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், டேங்க் நிறைய எரிபொருள் இருக்கும்போது மொத்த எடை வரம்பைவிட ஏறத்தாழ 200 பவுண்டு, அதாவது 90 கிலோ, கூடுதலாக வருகிறது. எங்கள் எடை முறையே 175, 190, 165, 150 பவுண்டு. பைகள் 60 பவுண்டு. விமானத்தின் ஆவணத்தில் உள்ள வெற்று எடை 1,690 பவுண்டு. தயாரிப்பாளர்கள் எப்போதும் சற்று இடம் விட்டே வரம்பு வைப்பார்கள், கொஞ்சம் கூடினால் ஒன்றும் ஆகாது என்று அனுபவமுள்ள ஒருவர் சொன்னார். அது சரிதானா? சரியில்லை என்றால் எதைக் குறைப்பது?

மறுமொழி 1

உங்கள் கணக்கு சரியானது. 172எஸ் ரகத்தின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 2,550 பவுண்டு. அதில் 1,690 போக, ஆட்கள், பைகள், எரிபொருள் மூன்றுக்கும் சேர்த்து மிஞ்சுவது 860 பவுண்டு. நால்வரும் பைகளும் 740 ஆகிவிடுவதால், எரிபொருளுக்கு 120 பவுண்டு மட்டுமே இடமுண்டு. விமானப் பெட்ரோல் கேலனுக்கு 6 பவுண்டு என்பதால் அது 20 கேலன். டேங்க் நிறைந்தால் பயன்படுத்தத்தக்க எரிபொருள் 53 கேலன், 318 பவுண்டு. இருக்கைகளையும் டேங்கையும் ஒருசேர நிரப்ப இந்த விமானம் இடம் தராது. பெரும்பாலான நான்கு இருக்கை விமானங்களின் நிலையும் இதுவே.

20 கேலனில் டாஹோ போக முடியுமா என்றால், மணிக்கு 9 கேலன் வீதம் ஒன்றரை மணி நேரத்துக்குப் பதின்மூன்றரை கேலனும், மலைத்தொடரைத் தாண்ட ஏறுவதற்கு இரண்டு கேலன் வரையும் செலவாகும். அமெரிக்க விதிப்படி பகல் நேரப் பார்வைப் பறப்புக்கு (கருவிகளை நம்பாமல் வெளியே பார்த்துப் பறப்பதற்கு) கையிருப்பாக இருக்க வேண்டிய 30 நிமிட எரிபொருள் மட்டுமே மிஞ்சும். விதிக்கு உட்பட்டதுதான் என்றாலும், எதிர்காற்று சற்று வலுத்தால் அந்தக் கையிருப்பில் கைவைக்க நேரும். நான் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. வாடகை விமானத்தை முந்தைய விமானி எந்த அளவில் விட்டுச் சென்றிருக்கிறார் என்பது உங்கள் கையில் இல்லை. இந்த ரகத்தில் எரிபொருள் நிரப்பும் வாயின் உட்புறம் ஓர் உலோகத் தகடு தொங்கும். அதன் அடிவரை நிரப்பினால் பக்கத்துக்குப் பதினேழரை, இரண்டும் சேர்ந்து 35 கேலன். அந்த அளவிலேயே நீங்கள் நால்வரும் ஏறினால் 90 பவுண்டு மிகுதி. டேங்கிலிருந்து எரிபொருளை வெளியே எடுப்பது எளிதன்று என்பதால், இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் பேசி, நிரப்ப வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். புறப்படும் முன் எரிபொருள் மானியை மட்டும் நம்பாமல், படியில் ஏறி இறக்கையிலுள்ள டேங்குக்குள் அளவுகோலை விட்டுப் பாருங்கள்.

மறுமொழி 2

"கொஞ்சம் கூடினால் ஒன்றும் ஆகாது" என்ற பேச்சைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அதுதான் ஆபத்தானது. வடிவமைப்பில் கூடுதல் வலிமை இருப்பது உண்மை. சாதாரண வகை விமானம் 3.8 மடங்கு ஈர்ப்பு விசையைத் தாங்க வேண்டும். அதற்கு மேல் ஒன்றரை மடங்கு வரை முறியாமல் நிற்கவும் வேண்டும். ஆனால் அந்த மிகுதி, பழைய உலோகத்தில் தோன்றும் தேய்மானத்துக்கும் எவரும் எதிர்பாராத காற்றுக் குலுக்கலுக்கும் என ஒதுக்கப்பட்டது. சுமை ஏற்றுகிறவர் அதை முன்கூட்டியே செலவழித்துவிட்டால், மலைமேல் குலுக்கல் வரும்போது அது அங்கே இருக்காது.

உலோகம் முறிவதற்கு வெகு முன்பே பறப்புத்திறன் குறைந்துவிடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். எடை 10 சதவீதம் கூடினால் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போகும் வேகம்) ஏறத்தாழ 5 சதவீதமும், புறப்பாட்டுத் தூரம் ஏறத்தாழ 20 சதவீதமும் கூடும். டாஹோ விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,270 அடி உயரத்தில் இருக்கிறது. ஜூலைப் பிற்பகலில் வெப்பம் 28 பாகை செல்சியஸ் என்றால், இன்ஜினும் இறக்கையும் புரொப்பல்லரும் 9,300 அடி உயரத்தில் இருப்பதைப்போல்தான் வேலை செய்யும். கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 730 அடி ஏறும் விமானம், வரம்பு எடையிலேயே அங்கே அதில் பாதியும் ஏறாது, சுற்றிலும் மலை.

1996 ஏப்ரல் 11 அன்று வயோமிங் மாநிலத்தின் ஷயான் நகரில் செஸ்னா 177பி ஒன்று புறப்பட்ட சற்று நேரத்தில் விழுந்து, 7 வயதுச் சிறுமியும் அவளுடைய தந்தையும் பயிற்சி ஆசிரியரும் உயிரிழந்தார்கள். அந்த நிலையமும் 6,000 அடிக்கு மேலே உள்ளது. புறப்படும்போது அது வரம்பைவிட 96 பவுண்டு மட்டுமே கூடுதல் என்று விசாரணை கண்டது. இடிமழையும் சேர்ந்துகொண்டது என்பது உண்மைதான். ஆயினும் மழையில் வேகம் குறைந்த தருணத்தில், அந்த 96 பவுண்டும் உயரமும் விமானிக்கு மிச்சம் எதையும் விட்டுவைக்கவில்லை. நீங்கள் கேட்டது அதைப்போல் இரு மடங்கு.

கேள்வி கேட்டவர்

விரிவான விளக்கங்களுக்கு மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள். நண்பர்கள் சொன்ன எடையை அப்படியே நம்பலாமா? யார் எங்கே உட்கார்ந்தாலும் மொத்தம் ஒன்றுதானே?

மறுமொழி 3

சொன்ன எடையை நம்பாதீர்கள். எடையைக் கேட்க, அதிலும் பெண்களிடம் கேட்க, நம்மில் பலருக்குக் கூச்சம் இருக்கிறது. கேட்டாலும் உடையும் காலணியும் கைப்பையும் இல்லாத எடையைத்தான் சொல்வார்கள். நான் வீட்டில் இருக்கும் எடைக் கருவியைக் காரில் எடுத்துச் சென்று, விமானத்தருகே முதலில் நானே ஏறி நிற்பேன். பிறகு எவரும் தயங்குவதில்லை. 2003 ஜனவரி 8 அன்று வட கரோலினாவின் சார்லட்டில் 21 பேரைப் பலிகொண்ட பீச்கிராஃப்ட் 1900டி விபத்தில், வால்பகுதிக் கட்டுப்பாட்டுக் கம்பி தவறாகப் பொருத்தப்பட்டிருந்ததோடு, சராசரி எடைகளை வைத்துப் போட்ட கணக்கு உண்மைக்குப் பொருந்தாமல், ஈர்ப்பு மையம் (மொத்த எடையும் சமநிலையில் நிற்கும் புள்ளி) வரம்புக்கு வெகுவாகப் பின்னே போயிருந்ததும் காரணமாயிற்று.

உங்கள் இரண்டாம் ஐயத்துக்கு விடை அதிலேயே உள்ளது. 172எஸ் விமானத்தில் முன் இருக்கைகள் அளவைக்கோட்டிலிருந்து (தூரங்களை அளக்கத் தொடங்கும் குறிப்புக் கோட்டிலிருந்து) 37 அங்குலத்திலும், பின் இருக்கைகள் 73 அங்குலத்திலும், பைகள் 95 அங்குலத்திலும் உள்ளன. 2,550 பவுண்டில் ஈர்ப்பு மையம் 41-க்கும் 47.3-க்கும் இடையே நிற்க வேண்டும். உங்கள் நால்வரில் கனமான இருவர் முன்னே அமர்ந்தால், வெற்று விமானத்தின் மையம் 40 அங்குலம் என்று கொண்டு, 45.3 வருகிறது; அவர்களே பின்னே அமர்ந்தால் 46. இரண்டும் வரம்புக்குள்தான். ஆனால் மையம் பின்னே போகப் போகக் கட்டுப்பாட்டுக் கோலின் அழுத்தம் இலேசாகி, ஸ்டாலிலிருந்து மீள்வது கடினமாகும் என்பதால், கனத்தை முன்னே வைப்பதே நல்லது. 40 என்பது என் ஊகம். உங்கள் விமானத்தின் ஆவணத்தில் உள்ள எண்ணைப் போட்டுக் கணக்கிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

நால்வரும் கூடிப் பேசினோம். ஒரு நண்பர் எல்லாப் பைகளுடனும் காரில் வருகிறார். மூவர் மட்டும் பறக்கிறோம். தகடு வரை 35 கேலன் நிரப்பினால் மொத்தம் 2,430 பவுண்டு. டாஹோவில் இறங்கும்போது மிஞ்சும் ஏறத்தாழ 19 கேலனோடு 10 மட்டும் சேர்த்துக்கொண்டு, மறுநாள் வெயில் ஏறும் முன், காலை 7 மணிக்குள் 2,400 பவுண்டுக்குக் கீழே புறப்படத் திட்டமிட்டிருக்கிறோம். இக்கணக்கில் பிழை தென்பட்டால் சொல்லுங்கள்.

மறுமொழி 1

பிழை இல்லை. கார் நண்பரிடம் பைகள் போனாலும், விமானத்தில் தண்ணீரும் கம்பளி ஆடையும் உங்களுடனேயே இருக்கட்டும். அவற்றையும் எடை போட்டுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.